மார்புப் படத்தில் தெரிவது பிறவி அமைப்பா, நோயா? புதிதாகப் படம் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்புப் படங்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் செய்யும் தவறு இரண்டு வகை. பிறவியிலிருந்தே இருக்கிற, எந்தத் தொல்லையும் தராத ஓர் அமைப்பைக் கட்டி என்றோ காற்றுக்கசிவு என்றோ எழுதிவிடுவது ஒன்று. கொஞ்சம் பழகிய பிறகு, புரியாத நிழலையெல்லாம் "இயல்பு வேறுபாடு" என்று ஒதுக்கிவிடுவது இன்னொன்று. இரண்டில் ஆபத்தானது பின்னதுதான்.

இரண்டையும் தவிர்க்க ஒரே வழி இருக்கிறது. ஒவ்வொரு பிறவி வேறுபாட்டுக்கும் மாறாத உடற்கூறு உண்டு. அது எங்கே தொடங்கும், எதை ஒட்டிப் போகும், எங்கே முடியும், அது இருப்பதால் வேறு எது தன் வழக்கமான இடத்தில் இருக்காது என்பதெல்லாம் தெரிந்த விஷயங்கள். எல்லாம் பொருந்தினால் பெயர் சொல்லுங்கள். பாதிதான் பொருந்துகிறது என்றால் அதை வேறுபாடு என்று எழுதாதீர்கள்.

முதலில் மார்க்கர், பிறகுதான் மார்பு

படத்தில் வலம், இடம் குறிக்கும் மார்க்கரைப் பாருங்கள். இதயத்தின் முனை வலப்பக்கம் இருந்தால் படம் திரும்பிவிட்டதா, இதயமே வலப்பக்கமா என்பதை முடிவுசெய்ய வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போதே கேசட்டில் வைத்த மார்க்கரை நம்பலாம். பிறகு கணினியில் ஒட்டிய மார்க்கரை அந்த அளவுக்கு நம்ப முடியாது. சந்தேகம் வந்தால் எடுத்தவரிடமே கேளுங்கள். பழைய படம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதயம் வலப்பக்கம் என்பது உறுதியானால், உதரவிதானத்துக்குக் கீழே இரைப்பையின் காற்றுக் குமிழ் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அதுவும் வலப்பக்கம் என்றால் உறுப்புகள் முழுதுமாக இடம்மாறிய நிலை, அதாவது சைடஸ் இன்வெர்சஸ். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கும்; இதயம் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். இவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மூச்சுப்பாதையின் நுண்மயிர்கள் பிறவியிலிருந்தே சரியாக இயங்காது. அதனால் மூச்சுக்கிளைகள் விரிந்திருக்கின்றனவா என்று நுரையீரலின் கீழ்ப்பகுதிகளைக் கூர்ந்து பாருங்கள். இதயம் மட்டும் வலப்பக்கம், இரைப்பை இடப்பக்கம் என்றால் கதை வேறு. இதயத்தின் உள்ளமைப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) கட்டாயம். வலது நுரையீரல் சுருங்கியதால் இதயம் அந்தப் பக்கம் இழுபட்டிருப்பதும் இப்படித் தோன்றலாம். அப்போது இதய முனை இடப்பக்கமே நோக்கியிருக்கும்.

அடுத்து, உடல் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இரு காரை எலும்புகளின் உள்முனைகளும் நடுவிலுள்ள முள்ளெலும்பு முனையிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். திரும்பிய படத்தில் ஒரு நுரையீரல் கறுப்பாகவும் மற்றது வெளிறியும் தெரியும். மார்புத் தசை பிறவியிலேயே இல்லாத போலண்ட் குறைபாட்டிலும் ஒரு பக்கம் இதே போலக் கறுத்திருக்கும். படம் திரும்பவில்லை, நுரையீரலின் இரத்தக்குழாய்கள் இருபுறமும் ஒரே அளவு, ஆனால் ஒரு பக்க அக்குள் மடிப்பு மட்டும் காணோம் என்றால் தசையைச் சந்தேகிக்கலாம்.

எலும்புகளை எண்ணுங்கள்

விலா எலும்புகளை மேலிருந்து எண்ணும் வழக்கம் இல்லாவிட்டால் கழுத்து விலாவைத் தவறவிடுவது நிச்சயம். 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ இது இருக்கும். பெண்களிடம் கூடுதலாகக் காணலாம். அடையாளம் காணச் சுலபமான வழி, அது கிளம்பும் முள்ளெலும்பின் பக்கநீட்சியைப் பார்ப்பது. ஏழாவது கழுத்து முள்ளெலும்பின் பக்கநீட்சி வெளிப்புறமாகக் கீழ்நோக்கிச் சாயும். முதல் மார்பு முள்ளெலும்பின் பக்கநீட்சி மேல்நோக்கிப் போகும். கீழ்நோக்கிச் சாய்ந்த நீட்சியிலிருந்து விலா கிளம்பினால் அது கழுத்து விலா. உண்மையான முதல் விலா முன்னால் உள்ள மார்பெலும்பின் மேற்பகுதியைப் போய்த் தொடும் என்பதையும் சேர்த்துச் சரிபாருங்கள். கையில் மரமரப்போ, விரல்கள் வெளுப்பதோ இருந்தால் இந்த விலா முக்கியமாகிவிடும், ஏனென்றால் கைக்கு இரத்தம் தரும் சப்கிளேவியன் தமனியும் கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் அதன் மேல்தான் வளைந்து போகின்றன.

முன்முனை இரண்டாகப் பிளந்த விலா ஒன்றே ஒன்று என்றால் கவலை வேண்டாம். பல விலாக்கள் பிளந்திருந்தால் தாடை எலும்பில் நீர்க்கட்டிகளும் தோல் புற்றுகளும் வரும் கோர்லின் நோய்க்குறியை நினைவில் வையுங்கள். காரை எலும்பின் உள்முனைக்கு அடியில் குழி போன்ற சீரற்ற வெட்டு தெரிந்தால், அது பெரும்பாலும் தசைநார் பதியும் இயல்பான பள்ளம். எலும்பு அரிப்பு என்று எழுதிவிடாதீர்கள். முதல் விலாவின் குருத்தெலும்பு கால்சியம் படிந்து தடித்திருப்பதை நுரையீரலின் மேல்மடலில் (மேல் பகுதியில்) உள்ள முடிச்சு என்று நினைத்துச் சி.டி. கேட்பது அன்றாடம் நடக்கிறது. நிழல் முதல் விலாவின் முன்முனையிலேயே உட்கார்ந்திருக்கிறதா, மறுபக்கமும் அதே போல ஒன்று இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

குழிந்த மார்பு தனியாகச் சொல்ல வேண்டியது. மார்பெலும்பு உள்வாங்கியிருப்பதால் இதயம் இடப்பக்கம் நகரும்; இதயத்தின் வலது ஓரம் மங்கும்; அங்கே வலது நடுமடலில் நிமோனியா இருப்பது போலவே தோன்றும். காய்ச்சலோடு வந்தவருக்கு இப்படி எழுதிவிட்டால் தேவையில்லாத மருந்து தொடங்கிவிடும். இங்கே விலாக்களே காட்டிக்கொடுக்கும்: பின்விலாக்கள் கிடைமட்டமாகவும் முன்விலாக்கள் செங்குத்தாகச் சரிந்தும் இருக்கும். பக்கவாட்டுப் படம் எடுத்தால் வாதத்துக்கே இடமில்லை. சி.டி.யில் மார்பின் உட்புற அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலான மிகக் குறைந்த தூரத்தால் வகுத்தால் ஹாலர் குறியீடு கிடைக்கும். 3.25-க்கு மேல் போனால் அறுவை சிகிச்சைக்குரிய கடும் குழிவாக வழக்கமாகக் கொள்வார்கள்.

வலது உச்சியில் வளைந்த ஒரு கோடு

அசைகஸ் பிளவைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் மற்ற வேறுபாடுகளைப் படிக்கும் முறையும் கைவந்துவிடும். எக்ஸ்ரேயில் 1000 பேரில் நான்கு பேரளவில் இது தெரியும், சி.டி.யில் 100-க்கு ஒன்று. கருவில் அசைகஸ் சிரை (மார்புச் சுவரின் இரத்தத்தை மேற்பெருஞ்சிரைக்குக் கொண்டுபோகும் சிரை) நுரையீரல் உச்சியைத் தாண்டி நடுப்பகுதிக்கு நகர வேண்டும். அப்படி நகராமல் நுரையீரலுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு இறங்கினால், தன்னோடு நுரையீரலைப் போர்த்தும் புளூரா உறையையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால் அந்தக் கோட்டில் நான்கு அடுக்கு புளூரா இருக்கும்.

படத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். உச்சியில் சிறு முக்கோணமாகத் தொடங்கி, வெளிப்புறம் குவிந்து வளைந்து இறங்கும் மெல்லிய கோடு ஒன்று. அதன் கீழ்முனையில், வலது ஹைலத்துக்கு (இரத்தக்குழாய்களும் மூச்சுக்கிளையும் நுரையீரலுக்குள் நுழையும் இடத்துக்கு) சற்று மேலே, கண்ணீர்த்துளி போன்ற சிறு நிழல், அதுதான் சிரை. மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை: மூச்சுக்குழலும் வலது மூச்சுக்கிளையும் சேரும் கோணத்தில் வழக்கமாகத் தெரியும் அசைகஸ் நிழல் அங்கே இருக்காது. இடம்மாறிப் போன சிரை பழைய இடத்திலும் தெரிய முடியாது அல்லவா? கோடு இருக்கிறது, துளியும் இருக்கிறது, ஆனால் பழைய இடத்திலும் சிரை தெரிகிறது என்றால் அந்தக் கோடு தழும்பாகவோ காற்றுப்பையின் சுவராகவோ இருக்கலாம், துளி ஒரு முடிச்சாகவும் இருக்கலாம்.

கோட்டுக்கு உட்பக்கம் இருக்கும் நுரையீரல் கொஞ்சம் வெளிறித் தெரிவதுண்டு. அதை நிமோனியா என்று எழுதாதீர்கள். இன்னொன்று, அசைகஸ் மடல் என்று அழைத்தாலும் அதற்குத் தனி மூச்சுக்கிளை கிடையாது. மேல்மடலின் ஒரு பகுதிதான் அது.

பெருந்தமனி வளைவு எந்தப் பக்கம்

மூச்சுக்குழலைப் பாருங்கள். இயல்பான வளைவு அதன் இடது சுவரை லேசாக அழுத்தும். அழுத்தம் வலப்பக்கம் இருந்து, இடப்பக்கம் வழக்கமாகத் தெரியும் பெருந்தமனிக் குமிழும் காணோம் என்றால் வலது வளைவு. 1000 பேரில் ஒருவரளவில் இது இருக்கும். இதைக் கண்டதோடு வேலை முடியவில்லை. கிளைகள் எந்த வரிசையில் பிரிகின்றன என்பதில்தான் விஷயம். கைக்கும் தலைக்குமான பொதுத் தமனியான பிரேக்கியோசெபாலிக் இடப்பக்கம் முதல் கிளையாகப் பிரிந்து, இயல்பான வரிசை கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருந்தால், பிறவி இதயக்கோளாறு உடனிருப்பது மிக மிக அதிகம். ஃபாலட் நால்கோளாறு அவற்றில் முக்கியமானது. இடது சப்கிளேவியன் கடைசிக் கிளையாகப் பிரிந்து உணவுக்குழாய்க்குப் பின்னால் இடப்பக்கம் கடந்தால் இதயக்கோளாறு குறைவு. ஆனால் அந்தக் கிளையின் அடிப்பகுதி புடைத்து, கோமரல் புடைப்பு என்ற பெயரில் பிற்காலத்தில் தொல்லை தரலாம்.

இடது வளைவில் வலது சப்கிளேவியன் கடைசியாகப் பிரிந்து உணவுக்குழாயின் பின்னால் மேல்நோக்கிச் சாய்வாகப் போவது வளைவுக் கிளை வேறுபாடுகளில் அடிக்கடி காணும் ஒன்று. 100 பேரில் ஒருவரளவில் இருக்கும். பெரும்பாலும் தொல்லை தராது. பேரியம் குடித்து எடுத்த படத்தில் உணவுக்குழாயின் பின்சுவரில் சாய்வான அழுத்தம் தெரிந்தால் இதை நினையுங்கள். முன்சுவரில் அழுத்தம் தெரிந்தால் வேறு: இடது நுரையீரல் தமனி வலது தமனியிலிருந்து கிளம்பி, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே புகுந்து போகும் அமைப்பு. அந்த இடைவெளியில் வேறு பெரிய இரத்தக்குழாய் புகுவது அரிது. குழந்தைக்கு மூச்சுவிடுவதில் சிரமம் இருந்தால் அவசரமாகக் கவனிக்க வேண்டியது. மூச்சுக்குழலும் முழு வளையங்களால் குறுகியிருப்பது வழக்கம்.

சி.டி.யில் கழுத்தின் அடிமட்டத் துண்டில் நான்கு தமனிகள், மூச்சுக்குழலைச் சுற்றி இருபுறமும் இரண்டிரண்டாகச் சமச்சீராகத் தெரிந்தால் இரட்டை வளைவைத் தேடுங்கள். தலைக்குப் போகும் இரு கரோட்டிட், கைக்குப் போகும் இரு சப்கிளேவியன் தனித்தனியே வளைவுகளிலிருந்து கிளம்புவதால் இப்படி இருக்கும்.

இடப்பக்கம் இறங்கும் சிரை

இது ஐ.சி.யு. படங்களில் அடிக்கடி வரும் சிக்கல் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கழுத்தில் இடப்பக்கம் போட்ட சென்ட்ரல் லைன் (பெருஞ்சிரைக்குள் செலுத்தும் குழாய்) நடுக்கோட்டைக் கடக்காமல், பெருந்தமனிக் குமிழுக்கு வெளிப்புறமாக இதயத்தின் இடது ஓரத்தை ஒட்டி நேரே இறங்குகிறது. உடனே "இடது மேற்பெருஞ்சிரை" என்று எழுதத் தோன்றும்; வழக்கமாக வலப்பக்கம் இருக்கும் மேற்பெருஞ்சிரை இடப்பக்கம் இருக்கும் அமைப்பு அது. 1000 பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு அது இருப்பதும் உண்மைதான். ஆனால் இதே பாதையில் தமனிக்குள் போன குழாயும் தெரியும். மார்புச் சுவரின் உட்சிரைக்குள்ளோ புளூரா இடைவெளிக்குள்ளோ போனதும் தெரியும். நேர்முகமாக எடுத்த படம் ஒன்றை மட்டும் வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும், அழுத்த அலை எப்படி வருகிறது என்பதையும் முதலில் கேளுங்கள். இரண்டும் சிரைக்குரியவை என்று தெரிந்த பிறகு பக்கவாட்டுப் படம் அல்லது எக்கோ. எக்கோவில் விரிந்த கரோனரி சைனஸ் (இதயத்தின் சொந்தச் சிரை இரத்தம் சேரும் குழாய்) தெரிந்து, இடது கையில் ஏற்றிய குமிழ்க் கரைசல் வலது ஏட்ரியத்துக்கு (இதயத்தின் வலது மேலறைக்கு) முன் அங்கே வந்துசேர்ந்தால் சந்தேகமில்லை.

பத்தில் ஒன்பது பேருக்கு இந்தச் சிரை கரோனரி சைனஸ் வழியாக வலது ஏட்ரியத்தில் சேரும். மீதிப் பேருக்கு இடது ஏட்ரியத்தில் சேரலாம். அவர்களுக்குக் கைச்சிரையில் புகும் ஒரு காற்றுக்குமிழ் நுரையீரலில் வடிகட்டப்படாமல் நேரே மூளைக்குப் போக வழியிருக்கிறது. எங்கே சேர்கிறது என்பதை அறிக்கையில் எழுதாமல் விடாதீர்கள்.

சி.டி.யில் இதே இடத்தில் ஏமாற்றும் இன்னொன்று உண்டு. இடது மேல்மடலின் நுரையீரல் சிரை இதயத்துக்குப் போகாமல், மேல்நோக்கி ஏறி பிரேக்கியோசெபாலிக் சிரையில் சேரும் அமைப்பு. இரண்டிலும் வளைவின் இடப்பக்கம் ஒரு குழாய் தெரியும். இடது முக்கிய மூச்சுக்கிளை இருக்கும் துண்டுக்குப் போய், அதன் முன்னால் எத்தனை சிரைகள் என்று எண்ணுங்கள். இரண்டு இருந்தால் ஒன்று இயல்பான நுரையீரல் சிரை, மற்றது இடது மேற்பெருஞ்சிரை. அங்கே இயல்பான மேல்சிரை இல்லையென்றால் மேலேறும் அந்தக் குழாயே நுரையீரல் சிரை. கரோனரி சைனஸ் விரியாமல், இடது பிரேக்கியோசெபாலிக் மட்டும் பெருத்திருப்பதும் அதையே சொல்லும்.

வலப்பக்கம் இதயத்தை ஒட்டி உதரவிதானத்தை நோக்கி வளைந்து அகன்றுகொண்டே இறங்கும் சிரை நிழலுக்கு, துருக்கிய வளைவாளின் பெயரால் சிமிட்டர் என்று பெயர். வலது நுரையீரல் சிறுத்து, இதயம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.

அசைகஸ் சிரை அளவுக்கு மீறிப் பெருத்து, மூச்சுக்குழலும் வலது மூச்சுக்கிளையும் சேரும் கோணத்தில் கட்டி போலத் தெரிந்தால், கல்லீரலுக்குப் பின்னால் கீழ்ப்பெருஞ்சிரை இருக்கிறதா என்று தேடுங்கள். அது அங்கே இல்லாமல் உடலின் கீழ்ப்பாதி இரத்தம் முழுதும் அசைகஸ் வழியாகவே ஏறிவரும் அமைப்பாக இருக்கலாம். நிணநீர்க்கட்டி என்று நினைத்து ஊசியால் திசு எடுப்பதோ, உணவுக்குழாய் அறுவையில் அசைகஸைக் கட்டுவதோ உயிருக்கே ஆபத்து.

நுரையீரலுக்குள் இருப்பவை

ஒரே இடத்தில், குறிப்பாக இடது கீழ்மடலின் பின்மூலையில், திரும்பத் திரும்ப நிமோனியா வந்து முழுதும் தெளியாமல் நின்றால் ஒதுங்கிய நுரையீரலைச் சந்தேகியுங்கள். இந்தப் பகுதிக்கு இரத்தம் நுரையீரல் தமனியிலிருந்து வராது. பெருந்தமனியிலிருந்து நேரே வரும். அந்தத் தமனியைக் காட்டுவதுதான் படத்தின் வேலை. கான்ட்ராஸ்ட் (இரத்தக்குழாய்களைக் காட்டும் சாயமருந்து) இல்லாத சி.டி. போதாது. பெருந்தமனி நிறையும் கட்டத்தில், 1 மி.மீ. துண்டுகளாக எடுங்கள். வயிற்றின் மேற்பகுதியையும் சேர்த்தே எடுக்க வேண்டும், ஏனென்றால் தமனி சில சமயம் வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து கிளம்பி உதரவிதானத்தைத் துளைத்து மேலேறும். அங்கே படத்தை வெட்டிவிட்டால் தமனி "இல்லை" என்று தவறாக எழுத நேரும். அறுவை மருத்துவர் தெரியாமல் அதை அறுத்தால், அறுந்த முனை வயிற்றுப் பக்கம் சுருங்கிப் போய்க் கடும் இரத்தப்போக்கு. சிரை எங்கே வடிகிறது என்பதையும் எழுதுங்கள்: மடலுக்குள் இருக்கும் வகை பொதுவாக நுரையீரல் சிரையிலும், தனிப் புளூரா உறையோடு வெளியே இருக்கும் வகை பெரும்பாலும் உடல் சிரையிலும் வடியும்.

விளிம்பு தெளிவான முடிச்சைப் பார்த்ததும், அதற்குள் ஒரு குழாய் போகிறதா, ஒன்று வெளிவருகிறதா என்று தேடும் பழக்கம் வேண்டும். இரண்டும் இருந்தால் தமனி-சிரைப் பிணைப்பு. ஊசியால் திசு எடுக்கவே கூடாது. ஊட்டும் தமனியின் விட்டத்தை அளந்து எழுதுங்கள், 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் அடைத்துவிடுவதே வழக்கம், அதைவிடச் சிறியதையும் இப்போது அடைக்கிறார்கள்.

இடது மேல்மடலில் ஹைலத்தருகே கிளைத்த, குழாய் போன்ற நிழல், அதைச் சுற்றிக் கறுத்த நுரையீரல் என்றால் பிறவியிலேயே அடைபட்ட மூச்சுக்கிளை. அடைப்புக்கு அப்பால் சளி தேங்கிக் குழாயாகத் தெரியும். பக்கத்து நுரையீரலிலிருந்து நுண்துளைகள் வழியாக நுழையும் காற்று வெளியேற முடியாமல் அந்தப் பகுதி கறுக்கும். ஆனால் பெரியவர்களிடம் உள்ளே ஒரு கட்டி அடைத்தாலும் இதே தோற்றம் வரலாம். பழைய படத்தில் மாற்றமில்லாமல் இருந்தால் மட்டுமே நிம்மதியாகலாம்.

காரைனாவுக்கு (மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு) கீழே உருண்ட, மெல்லிய சுவருள்ள நிழல் பெரும்பாலும் பிறவி மூச்சுக்கிளை நீர்க்கட்டி. இங்கே சி.டி. காட்டும் அடர்த்தி எண்ணை மட்டும் நம்பிக் கோட்டை விடுவார்கள். நீரின் அடர்த்தி 0 முதல் 20 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு வரை என்று படித்திருப்போம். உள்ளே புரதமோ கால்சியமோ மிகுந்தால் திசுவைப் போலவே அதிக எண் காட்டும். கான்ட்ராஸ்ட் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து, எண் ஏறவில்லை என்று உறுதிசெய்யுங்கள். அப்போதும் தயக்கம் இருந்தால் எம்.ஆர்.ஐ.

வலது மேல்மடலின் மூச்சுக்கிளை காரைனாவுக்கு மேலேயே மூச்சுக்குழலிலிருந்து பிரிவதும் உண்டு. சும்மா இருக்கும்வரை தொல்லையில்லை. மயக்க மருந்துக்காகக் குழாய் செருகியதும் வலது மேல்மடல் சுருங்கினால், குழாயின் பலூன் அந்தக் கிளையின் வாயை மூடியிருக்கலாம்.

கட்டி போல நடிப்பவை

கைக்குழந்தையின் படத்தில் நடுப்பகுதி அகன்றிருந்தால் முதலில் தைமஸ் சுரப்பியை நினையுங்கள். விலாக்களின் அழுத்தத்தால் அதன் ஓரம் அலையாக மடிந்திருக்கும், மூச்சுக்குழலைத் தள்ளாது, அதன் வழியாக நுரையீரலின் இரத்தக்குழாய்கள் தெரியும். மூச்சுக்குழல் நகர்ந்திருந்தால் தைமஸ் என்று விட்டுவிடாதீர்கள். பிறந்த முதல் நாளில் ஒரு மடல் மட்டும் வெண்மையாக இருந்து, சில நாளில் அதே இடம் மிகக் கறுத்து ஊதினால் அது மடல் மிகைவிரிவு. இடது மேல்மடலில்தான் அதிகம். காற்றுக்கசிவு என்று நினைத்து அதற்குள் வடிகுழாய் போட்டுவிடும் ஆபத்து உண்டு. கறுத்த பகுதிக்குள் மெல்லிய இரத்தக்குழாய் கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அது நுரையீரல்தான்.

பெரியவர்களின் சி.டி.யில், ஏறும் பெருந்தமனிக்குப் பின்னால் பிறை வடிவில் நீர் அடர்த்தியில் தெரியும், இதயத்தைச் சூழ்ந்த பெரிகார்டியப் பையின் மடிப்பை நிணநீர்க்கணு என்று அளந்துவிடுவது வழக்கமான பிழை. மடிப்பு தமனிச் சுவரை இடைவெளியின்றி ஒட்டியிருக்கும். கணுவுக்கும் தமனிக்கும் இடையில் கொழுப்புக் கோடு இருக்கும். பெருந்தமனி வளைவின் உட்புறத்தில், கருவில் டக்டஸ் என்ற இணைப்புக்குழாய் இருந்த இடத்தில் சிறு புடைப்பும் இயல்பே. ஆனால் விபத்தில் வந்தவரிடம் அதை இயல்பு என்று எழுதும் முன், ஓரம் வழுவழுப்பாக, சரிவாகத் தமனியோடு கலக்கிறதா என்று பாருங்கள். கூர்மையான கோணமோ, தமனிக்குள் சுவரிலிருந்து பிரிந்த மெல்லிய திரையோ, சுற்றிலும் இரத்தமோ தெரிந்தால் தமனி கிழிந்ததாகவே கொள்ள வேண்டும்.

அறிக்கையில் எழுதும் விதம்

"இயல்பு வேறுபாடு" என்று பொதுவாக எழுதாதீர்கள். பெயரைச் சொல்லி, எந்த அடையாளங்களால் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். அடுத்து அந்தப் படத்தைப் பார்ப்பவர் மறுபடி சந்தேகப்பட வேண்டியதில்லை. அசைகஸ் பிளவுக்கு இதுவே போதும். பின்தொடர் படம் கேட்காதீர்கள். யாருக்கு அந்தச் செய்தி பயன்படும் என்று தெரிந்தால் அதையும் எழுதலாம். இடது மேற்பெருஞ்சிரை இருப்பது பேஸ்மேக்கர் பொருத்துபவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வலது சப்கிளேவியன் பின்னால் போகும் அமைப்பு இருந்தால், வலது மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்பவருக்குக் குழாய் வளைவில் திரும்ப மறுக்கும். தைராய்டு அறுவைக்குப் போகிறவர் என்றால் அதைவிட முக்கியம்: இந்த அமைப்பு உள்ளவர்களுக்குக் குரல்நாண் நரம்பு வலப்பக்கம் மார்புவரை இறங்கித் திரும்பாமல், கழுத்திலேயே நேராகக் குரல்வளைக்குள் நுழையும். வழக்கமான இடத்தில் அதைத் தேடினால் கிடைக்காது, தேடாத இடத்தில் கத்தி பட்டுவிடும்.